முதல் நாற்பது நொடிகள்

பதினொரு மணி இருக்கும், இல்லை, அதற்கும் முன்பே, முதல் தேநீர் வருவதற்கு முன்பா... அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அடுத்தவர்களின் நிமிடங்களைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறவளுக்குத் தன்னுடைய அந்த ஒரு நிமிடம் மட்டும் பின்னாளில் எத்தனை முறை யோசித்தாலும் பிடிபடவில்லை, சில நாள் அது வெயில் மேசையின் பாதிவரை ஏறிய பிறகு நடந்ததாகத் தோன்றும், சில நாள் கரண்ட் போய் வந்திருந்ததாகக்கூடத் தோன்றும், ஆனால் அன்று கரண்ட் போகவே இல்லை. பதிவு எண் மட்டும் நினைவிருக்கிறது, நாலாயிரத்து நூற்று ஆறு. தேசிய விளையாட்டு ஆணையத்தின் ஆய்வுப் பிரிவு, மூன்றாம் மாடி, ஜன்னலோர மேசை, காதில் ஹெட்ஃபோன். கீழ் மாடியில் இருக்கும் பெண்கள் நாடு முழுக்கப் போன் போட்டு, போன வாரம் விளையாடினீர்களா, ஓடினீர்களா, நீந்தினீர்களா, எத்தனை நாள், எத்தனை நிமிடம் என்று கேட்பார்கள், அந்தப் பதிவுகளில் பத்துக்கு ஒன்றை எடுத்து, ஒழுங்காகக் கேட்டார்களா, சொன்னதைச் சொன்னபடி குறித்தார்களா என்று இவள் பார்க்க வேண்டும். பதினோரு வருடமாக இதே வேலை, ஆபீஸில் அவளுக்குப் பெயரே ‘காது’. முதல் நாற்பது நொடியை அவள் கேட்பதில்லை. வணக்கம், ஆணையத்திலிருந்து பேசுகிறோம் என்று எல்லாப் பதிவிலும் அதே பல்லவிதான், நேராக நாற்பதாவது நொடிக்குத் தாவிவிடுவாள், விதிப்படி தப்புதான், ஆனால் ஒரு நாளைக்கு இருபது பதிவு என்றால் யார்தான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

நாற்பதாவது நொடியில் ஒரு செருமல் கேட்டது. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தைகூட வேண்டியிருக்கவில்லை, பதினாறு வருடமாகக் குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்கிற செருமல்... பதிலளிப்பவர் தெரிந்தவர் என்று உணர்ந்த நொடியிலேயே நிறுத்திவிட வேண்டும், இது வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டுக்கொடுத்த விதி. கை மவுஸுக்குப் போனது, போய் அங்கேயே இருந்தது. “போன ஏழு நாள்ல எத்தனை நாள் சார், மூச்சு வாங்கற அளவுக்கு...” என்று புதிதாகச் சேர்ந்த போன் பெண் படித்துக்கொண்டே போனாள், “நாலு நாள் ஓடினேன்மா” என்றார் அவள் கணவர். ஓடினாரா? யார், இவரா? லிஃப்ட் பழுது பார்க்கிற மனுஷன், ஆபீஸ் ஆட்கள் வருவதற்கு முன்னால் லிஃப்ட்டைப் பார்த்துவிட வேண்டும் என்று தினமும் காலை ஐந்தே முக்காலுக்கே பையோடு கிளம்பிவிடுகிறவர், ‘லிஃப்ட் வேண்டாம், படி ஏறுவோம்’ என்று ஆணையம் சுவரொட்டி அடித்தபோது அதைக் கையில் வாங்கிப் பார்த்து, “எல்லாரும் படி ஏறிட்டா நான் எங்க போறது, உங்க ஆபீஸ்ல வாட்ச்மேன் வேலை போட்டுத் தருவியா” என்று கேட்டவர்.

பொய் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள், நினைத்ததும் ஒரு நிம்மதி வந்தது, அது ஏன் நிம்மதி என்று அப்போது யோசிக்கவில்லை. போனில் எல்லாரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், நாலடி நடந்தவர் நாலு மைல் என்பார், அதற்காகவே ஆண்டு இறுதியில் மொத்தத்தில் ஒரு பங்கைத் தள்ளுவார்கள், பிரிவில் அதற்குப் ‘பெருமைக் கழிவு’ என்று செல்லப் பெயர். இவரையும் அந்தக் கழிவில் போட்டுவிடலாம், யாரோ ஒரு பெண் போனில் சார் சார் என்றதும் மனுஷனுக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்திருக்கும், போகட்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் எத்தனை நிமிடம் என்று அந்தப் பெண் கேட்டபோது அவர் “இருபத்தி மூணு” என்றார். பொய் சொல்கிறவர்கள் முப்பது என்பார்கள், ஒரு மணி நேரம் என்பார்கள், இருபத்தி மூணு என்று ஒருவரும் பொய் சொல்வதில்லை, இது பதினோரு வருடத்தில் அவள் தெரிந்துகொண்ட ஒன்று, புதியவர்களுக்கு அவளே அதைச் சொல்லியும் கொடுத்திருக்கிறாள். “முப்பதுன்னு போட்டுக்கட்டுமா சார்?” “எதுக்கு? இருபத்தி மூணுதான். எங்க ஏரியா குடோனுக்குப் பின்னாடி மண் ரோடு, வாட்டர் டேங்க் வரைக்கும் போய்ட்டுத் திரும்பணும். ஒரு கருப்பு நாய் பாதி தூரம் கூட வரும். அதுக்கு மேல அதுக்கு முடியாது. எனக்கும் முடியாதுதான், ஆனா நான் நிக்கறதில்ல.” எந்த நாய்? எந்த மண் ரோடு? தன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு மண் ரோடு இருப்பதே அவளுக்குத் தெரியாது.

அப்புறம் அந்தக் கேள்வி வந்தது, குடும்பத்தில் யாராவது ஊக்கப்படுத்துகிறார்களா என்கிற பன்னிரண்டாவது கேள்வி, அவளே இருந்து வார்த்தை வார்த்தையாகத் திருத்தி எழுதிய கேள்வி. “வீட்டுல தெரியாதும்மா” என்றார். “ஐயய்யோ, ஏன் சார்?” இது கேள்வித்தாளில் இல்லை, இப்படிக் கேட்கவே கூடாது, இதற்கு ஒரு குறி போட வேண்டும், கை தானாகப் பென்சிலைத் தேடியது. “தெரிஞ்சா எத்தனை நிமிஷம்னு கேப்பா.” அந்தப் பெண் சிரித்தாள், அவரும் சிரித்தார், அவ்வளவு மனம் விட்டு அவர் சிரித்து அவள் கேட்டு எத்தனை நாள் ஆகிறது... “தப்பா சொல்லலம்மா, நல்லவதான். ஆனா அவ கேட்டுட்டா அப்புறம் அது அவளோடது ஆயிடும். இது ஒண்ணாவது...” என்று இழுத்து, முடிக்காமல் விட்டுவிட்டார். அந்தப் பெண், குடும்ப ஊக்கம் இல்லை, குறியீடு ஏழு, என்று தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். சரியான குறியீடுதான். வேறு யாருடைய பதிவாக இருந்தாலும் இவளும் அதையேதான் சரி என்று போட்டிருப்பாள்.

அந்தக் கயிறு... மூன்று வருடம் இருக்கும், ஸ்கிப்பிங் கயிறு ஒன்று வாங்கி வந்து கூடத்தில் குதிக்க ஆரம்பித்தார், ஒன்பது நாள் குதித்தாரா, பதினோரு நாளா, சோம்பேறித்தனத்தால் விட்டுவிட்டார் என்றுதான் இத்தனை நாளும் அவள் நினைவில் இருந்தது, உறவுக்காரர்களிடம் அப்படித்தான் சொல்லிச் சிரித்தும் இருக்கிறாள். முதல் நாளே அவள் கேட்டாள், எத்தனை நிமிஷம் ஆச்சு, மூச்சு வாங்குச்சா, குதிக்கும்போது பேச முடியுதா, பாட முடியுதா? “பாடிக் காட்டவா?” என்று குதித்துக்கொண்டே இரண்டு வரி கத்தினார், இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி நிமிடங்களை எழுதினாள், ஆசையாகத்தான் எழுதினாள், வேறு எப்படி ஆசையைக் காட்டுவது என்று அவளுக்குத் தெரிந்திருந்தால் அப்படிக் காட்டியிருக்க மாட்டாளா... ஐந்தாம் நாள் கேட்டபோது அவர் பாடிக் காட்டவில்லை. அந்த ஐந்தாம் நாளை இப்போதுதான் முதல் முறையாக நினைக்கிறாள், இல்லை, இதுவும் இப்போது அவளாகக் கட்டிக்கொள்வதா?

இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், தண்ணீர் பிடிக்கப் போய்ப் பாட்டிலை மேசையிலேயே விட்டுவந்தது தெரிந்து திரும்பினாள், தாழ்வாரச் சுவரில் போன வருட அறிக்கையின் வாசகம் பெரிய எழுத்தில் இருந்தது, குடும்பத்தினரின் ஊக்கமே மிகப் பெரிய தூண்டுகோல், அதுவும் அவள் எழுதியதுதான். வீட்டுக்குப் போய்க் கேட்டுவிடலாம் என்றால் கேட்க முடியாது, பதிவில் கேட்டதை யாரிடமும், பேசியவரிடமேகூட, வெளியிட மாட்டேன் என்று உறுதிமொழி கொடுத்தவள் அவள். உறுதிமொழி கிடக்கட்டும், கேட்டால் ஓடுவதை விட்டுவிடுவார், அதற்காகத்தானே இத்தனை நாளும் மறைத்திருக்கிறார், கேட்டால் அந்த மண் ரோடு போய்விடும், கேட்காவிட்டால் பதினாறு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்த மனுஷனிடம் தெரிந்ததைத் தெரியாததுபோல் இருக்க வேண்டும். எதைச் செய்தாலும் அவள் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்டாள், நாய் வருகிற இடத்தை மட்டும் இரண்டு தடவை.

நாலு மணிக்கு மேல் ரத்துப் படிவத்தை எடுத்தாள். ஆணைய ஊழியர் வீட்டுப் பதிவு செல்லாது, அழிக்க வேண்டும், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. உறவு என்ற இடத்தில் கணவர் என்று எழுதினாள். குரலை அறிந்த நொடி என்ற இடத்தில் நாற்பது என்று எழுதப்போய்க் கை நின்றது, அவர் முதலில் வாய் திறந்தது அதற்கும் முன்னால் இருக்குமே என்று பதிவை ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டாள், பதினோரு வருடத்தில் அவள் அந்த நாற்பது நொடியைக் கேட்டது அநேகமாக அதுதான் முதல் தடவை. வணக்கம் சார், தேசிய விளையாட்டு ஆணையத்திலிருந்து பேசறோம், இந்த உரையாடல் தரப் பரிசோதனைக்காகப் பதிவாகுது, பரவாயில்லையா சார்? “தெரியும்மா. பண்ணுங்க, பண்ணுங்க.” உங்க வீட்டுல யாராவது ஆணையத்துல வேலை செய்யறாங்களா சார்? அவர் சும்மா இருந்தார். லிஃப்ட் கதவு ஒன்று மூடுகிற சத்தம் கேட்டது. ஆறு நொடி. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண் நன்றி சொல்லி அப்போதே வைத்திருப்பாள், பேச்சு அதோடு முடிந்திருக்கும். “இல்லம்மா” என்றார். “யாரும் இல்ல.”

மேலாளர் படிவத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “நம்ம லிஃப்ட்காரரா? ஊர்ல இத்தனை பேர் இருக்கும்போது இது உங்க கைக்கா வரணும், காது மேடம்?” என்று சிரித்தவர் அடுத்த வரியில் நின்றார். “நிறுத்திய நொடி... பதினாலு நிமிஷமா? முழுசாவா கேட்டீங்க?” “முழுசா கேட்டேன் சார்.” “குரல் தெரிஞ்ச நொடியிலேயே நிறுத்தினதா மாத்திடுங்க மேடம். ரிட்டயர் ஆக ஏழு மாசம் இருக்கு, என்னை விளக்கம் எழுத வெக்காதீங்க.” “இருக்கறது இருக்கட்டும் சார்.” அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார், கையெழுத்துப் போட்டார், பேனாவை மூடிவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார். “சும்மா கேக்கறேன், எப்படியும் அழிக்கத்தான் போறோம். நிஜமாவே ஓடறாரா?” “தெரியாது சார்” என்றாள். உறுதிமொழிப்படி அதுதான் சொல்ல வேண்டிய பதில், ஆனால் வாய் கூசாமல், தடுமாறாமல், உண்மையைச் சொல்வதுபோலவே அது வந்ததை அவளே கவனித்தாள்.

மாலையில் அவர் சமையலறைக் குழாயில் கைக் கிரீஸைக் கழுவிக்கொண்டிருந்தார். “என்ன, இன்னைக்கு எத்தனை பேர் ஓடினாங்களாம்?” வழக்கமாகச் சீண்டுவதுதான், என்றைக்கும் போல. “சொல்லக் கூடாது” என்றாள், என்றைக்கும் போல. அதற்கு மேல் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை என்று சொன்னது யாரிடம்? அந்தப் பெண்ணிடமா, தன்னிடமா? அவள் சொன்னாளே பதிவாகிறது என்று, தெரியும் என்றாரே, பதிவுகளை யார் கேட்பது என்று அவருக்குத் தெரியாதா? இல்லை, பத்தில் ஒன்பதை யாரும் கேட்பதில்லை என்ற தைரியமா? “என்ன?” என்றார். “ஒண்ணுமில்ல.” அவர் சோப்பை மறுபடி எடுத்து, கழுவின கையையே மறுபடி கழுவினார்.

பதிவு அன்று மாலையே அழிக்கப்பட்டது. விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, அவள் எழுதிக் கொடுத்தாள், எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். பதிவே இல்லாததால் அந்தப் போன் பெண்ணுக்குக் குறி விழவில்லை, மறு வருடம் அவள் வேறு பிரிவில் நிரந்தரமாகிவிட்டாள். மேலாளர் ஏழு மாதத்தில் ஓய்வு பெற்றார், முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்க்கிறாராம். பன்னிரண்டாவது கேள்வியை எடுத்துவிடலாம் என்று அவள் குறிப்பு எழுதினாள், எடுக்கவில்லை. அவர் இப்போதும் ஐந்தே முக்காலுக்குக் கிளம்புகிறார். அவள் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை. மழை நாட்களில் மட்டும், மணி ஆறாகியும் அவர் பக்கத்தில் புரண்டு படுத்துக்கொண்டிருந்தால், அவள் எழுந்து எழுந்து ஜன்னலுக்குப் போகிறாள், மழை விட்டதா என்று பார்க்கிறாள், அதில் தனக்கு என்ன என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.