பாயிண்டுக் கொட்டகையின் சாவி

2024 பிப்ரவரி 12, திங்கட்கிழமை முற்பகலில், பனமரத்துப்பட்டி ஏரிக்குத் தெற்கே கட்டப்பட்டிருந்த பாயிண்டுக் கொட்டகையை, வெளிநாட்டு நிதியுதவித் திட்டத்தார் மரவள்ளி விவசாயிகள் சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றனர். கிழங்கிலுள்ள மாவுச்சத்தின் அளவே பாயிண்டு; விலை அதைப் பொறுத்தது. அதுவரை ஆலை சொன்னதே பாயிண்டாக இருந்தது. இனிச் சங்கத்தின் தராசு கிழங்கை நீரில் எடைபோட்டுக் காட்டுவதை ஏற்பதாக ஓர் ஆலை இசைந்திருந்தது.

சங்கத் தலைவி மயிலம்மாள். தராசைக் கையாளப் பயிற்சி பெற்றவள் அவளுடைய ஓரகத்தி ரஞ்சிதா. கொழுந்தனின் மனைவி, அடுத்த வீட்டுக்காரி. விடைபெறும்போது வெளிநாட்டு நிபுணர் மயிலம்மாளிடம் மாலையை வாங்கிக்கொண்டார். சாவியை ரஞ்சிதாவிடம் கொடுத்தார். அவர் வந்தபோதெல்லாம் களி கிண்டிப் போட்டவள் மயிலம்மாள். அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் சங்க உறுப்பினர் கந்தம்மாளின் கிழங்கு லாரி வந்தபோது, ரஞ்சிதா மகளைப் பள்ளியில் விடப் போயிருந்தாள். அவள் வீட்டு ஆணியில் தொங்கிய சாவியை மயிலம்மாள் எடுத்துக்கொண்டாள்.

ஆலைக்குக் கிழங்கு அனுப்புவோர் அதைக் கழுவும் வழக்கம் இல்லை. மண்ணுக்கென்று ஆலையே எடையில் கழித்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் மயிலம்மாள் மண்ணை உதறிவிட்டு, கிழங்கை நீரில் மூழ்கடித்து எடைபோட்டாள். ஒட்டியிருந்த மண்ணின் கனத்தையும் தராசு மாவுச்சத்தாகவே காட்டியது.

"பாத்தியா கந்தம்மா, என் கை ராசிய!"

அப்போது ரஞ்சிதா வந்து சேர்ந்தாள்.

"கழுவுனீங்களாக்கா?"

"கெழங்கு என்ன சேலையா, தொவைச்சுப் போடறதுக்கு? நீ இந்த ஊட்டுக்கு வாரதுக்கு முந்தியே கெழங்கு வித்தவ நானு."

"அதில்லீங்கக்கா, மண்ணும் சேந்து கனம்..."

"எனக்கே பாடமா அம்மிணி?"

தலைவியை மீற ரஞ்சிதா துணியவில்லை. லாரி புறப்பட்டது.

ஆலை மேலாளர் செங்கோடன் கிழங்கைக் கழுவி, கந்தம்மாளின் கண்ணெதிரிலேயே எடைபோட்டார். பாயிண்டு வெகுவாக இறங்கிற்று.

"வெளிநாட்டுக்காரர் வண்டி ஏறுன மறுநாளே உங்க தராசுக்குக் காய்ச்சல் கண்டுருச்சுங்களா? இனி எங்க பாயிண்டுதானுங்க."

சனிக்கிழமை சங்கம் கூடியது. மயிலம்மாள் முந்திக்கொண்டாள்.

"இது நம்மளுக்கு ஒத்து வராதுங்க. திட்டத்தோட அஸ்தம்பட்டி ஆபீசுலயே தராசு பாக்க ஒரு ஆளக் கேட்டு வாங்கிக்கலாம்."

தன் கையில் நிற்காத சாவி ஓரகத்தியின் கையிலும் இருக்கக் கூடாது. அந்நியன் வைத்திருந்தால் அவளுக்கு வருத்தமில்லை.

கந்தம்மாள் எழுந்தாள். "ஏனுங்க மயிலக்கா, கெழங்கு நம்மளுது, கொட்டாயி நம்மளுது, கண்ண மட்டும் கடன் வாங்கறதுங்களா? நட்டப்பட்டவ நானு. உங்க ஓரகத்தி சண்டைய ஊட்டோட வெச்சுக்கோங்க சாமி!"

கூட்டம் சிரித்தது. மயிலம்மாளின் முகம் கறுத்தது.

"அக்கா வேண்டாம்னா சாவியக் குடுத்தர்றேனுங்க," என்றாள் ரஞ்சிதா. "ஆனா நானு ஒருத்தி மட்டும் கத்துக்கிட்டது தப்புங்க. நானில்லாதப்ப யாரு பாக்கறது?"

அன்று முடிவானவை வருமாறு. வெளியாள் கேட்பதில்லை. சாவி ரஞ்சிதாவிடம் இருக்கும். கழுவாத கிழங்குக்குப் பாயிண்டு பார்ப்பதில்லை. ஆலை ஆளின் முன்னிலையில் தராசை மறுசோதனை செய்ய, ரஞ்சிதாவும் கந்தம்மாளும் செங்கோடனிடம் பேசுவார்கள். மயிலம்மாள் தலைவியாகத் தொடர்வாள். வேறு இரு பெண்களோடு அவளும் ரஞ்சிதாவிடம் தராசுப் பயிற்சி பெறுவாள். தீர்மானத்தில் அனைவரும் கையெழுத்திட்டனர். மயிலம்மாள் கடைசியாக இட்டாள்.