பச்சைக் கட்டம்

இடுப்பிலிருந்து குதிகால் வரை வலது கால் மரத்துப்போயிருந்தது. நின்றால் ஊசி குத்தியது, உட்கார்ந்தால் முதுகு பிளந்தது. மேனேஜர் அறைக்கு வெளியே சுவரில் ஒரு தோளை முட்டுக்கொடுத்து நின்றான் ஷீட்டுக்காரன்.

அது அவனுக்குக் கிடங்கு ஆட்கள் வைத்த பெயர். மீசை முளைத்த நாளிலிருந்து அங்கே மூட்டை தூக்கியவன். ஒருநாள் முதுகில் ஏதோ அறுந்தது போலாகி அப்படியே குந்திவிட்டான். வீட்டுக்கு அனுப்பாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். எந்த லாரி எந்த வாசலில் நிற்கிறது, எந்த இயந்திரம் ஓடும், எது ஓடாது என்று தினமும் ஒரு ஷீட்டில் போடுவான். ஓடினால் கட்டம் பச்சை, பழுதானால் சிவப்பு. ஷீட் கம்பெனியின் கிளவுடில் இருந்ததால் எல்லோரும் அவரவர் போனிலேயே பார்த்துக்கொண்டார்கள்.

ஷீட் நீண்டுகொண்டே போனதுதான் வினை. ஆட்களுடைய மட்டமான போன்களில் அது திறப்பதற்குள் லாரிக்காரன் வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்துவிடும். அதனால் ஷீட் கனத்துப்போகும்போதெல்லாம் அவன் ஒரு காப்பி போடுவான். காப்பியில் பழைய வரிகளை அழித்துவிட்டு, புது லிங்க்கைக் குரூப்பில் போட்டுவிடுவான். ஆட்கள் குழம்பக்கூடாதே என்று பெயரை மட்டும் மாற்றமாட்டான். பழையதும் ‘கிடங்கு தினசரி’, புதியதும் ‘கிடங்கு தினசரி’. நடுவில் போட்ட காப்பிகளை அழித்துவிட்டாலும், கம்பெனி பேரில் இருந்த முதல் ஷீட்டை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அப்படியே விட்டுவைத்திருந்தான்.

லிஃப்ட் மெக்கானிக் பார்த்தான். அவன் வெளியாள், எப்போதாவது வருகிறவன், குரூப்பில் இல்லாதவன். என்றைக்கோ கொடுத்த பழைய லிங்க்கை போனில் பத்திரமாக வைத்திருந்தான். சரக்கு லிஃப்டைச் சோதித்துவிட்டு, பழைய ஷீட்டில் கட்டத்தைச் சிவப்பாக்கி, ‘பிரேக் தேய்ந்துவிட்டது, ஆள் ஏறக்கூடாது’ என்று எழுதிவிட்டுத் தன் வழியில் போய்விட்டான். புது ஷீட்டில் லிஃப்ட் பச்சையாகவே இருந்தது.

அந்தப் பச்சையை நம்பி நேற்றுக் காலை சரக்கோடு ஏறியவன் ஷீட்டுக்காரனின் மச்சான், மனைவியின் தம்பி. லிஃப்ட் அறுந்து விழுந்தது.

“உள்ள வாப்பா. உக்காரு” என்றார் மேனேஜர்.

இத்தனை வருஷத்தில் அவர் அவனை உட்காரச் சொன்னதில்லை. அவன் உட்காரவில்லை.

“ஷீட்டு ரெண்டு இருக்கு போல?”

“ஆமா சார். பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு.”

“ஒரே பேர்ல?”

“பசங்க குழம்பக்கூடாதுன்னு...”

“நல்லா குழப்பாம வெச்சிருக்க, போ.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பழசு கம்பெனி பேர்ல இருக்கு. அதுல சிவப்பு இருக்கு. புதுசு நீ காப்பி போட்டது, அதனால நீதான் ஓனராம். என்னால அழிக்க முடியல. இந்தக் கம்பெனியிலயே நீ ஓனரா இருக்கிறது அது ஒண்ணுதான்.”

“எதுக்கு சார் அழிக்கணும்?”

“சிவப்பு போட்டிருந்தும் ஏறினான்னு முடிச்சிடலாம்.”

“பசங்க பாத்தது புதுசத்தான சார். அதுல பச்சை இருந்துச்சு.”

“பச்சைய அங்க வெச்சது யாரு? நானா? வெளிய வந்தா மொதல்ல உன் கழுத்துலதான் கை விழும்.”

“அவன் என் மச்சான் சார்.”

“தெரியும்பா. அதனாலதான் தனியா கூப்பிட்டேன். அவன் கால் போச்சு, உன் வேலையும் போகணுமா? ஒரே வீட்ல ரெண்டு பேரு படுத்துட்டா சோறு யாரு போடுவா? மறுபடி மூட்டை தூக்கப் போறியா, இந்த முதுக வெச்சுக்கிட்டு?”

ஷீட்டுக்காரனுக்காக முதுகுதான் பதில் சொன்னது. அங்கேயே போனை எடுத்துக் குனிந்து, மேனேஜர் கண்ணெதிரே புது ஷீட்டை அழித்தான். அழிக்கும்போது ஒரு கள்ளக்கணக்கு போட்டுக்கொண்டான். அழித்த ஃபைல் சில வாரம் கிளவுடின் குப்பையில் கிடக்கும், நிலைமை முற்றினால் எடுத்துக்கொள்ளலாம். அந்த நினைப்பு இல்லாவிட்டால் விரல் அசைந்திருக்காது.

மேனேஜர் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினார். அவன் குடித்தான்.

மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனான். வார்டில் மருந்து வாடையும் ஈரத் தரையும். மனைவி ஒரு ஸ்டூலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மச்சானின் போர்வை இடது முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. நெட்டையன் என்பதால் கிடங்கில் அவனுக்கு ஒட்டகம் என்று பெயர்.

“வாங்க மாமா” என்றான் மச்சான். “இனிமே எவனும் என்னை ஒட்டகம்னு கூப்பிட முடியாது. அதுக்கு நாலு காலு வேணுமாம்.”

“வாய மூடுடா” என்றாள் அக்கா. சொன்னவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“ஆபீஸ்லருந்து ஆள் வந்திருந்தாங்க மாமா. சிவப்பு போட்டிருந்ததப் பாத்தும் நான் திமிர்ல ஏறினேனாம். வைத்தியச் செலவு அவங்க பாக்கமாட்டாங்களாம். நான் பாத்தேன் மாமா. போன் சுத்திச் சுத்தித் தெறந்துச்சு, விடாம நின்னு பாத்துட்டுத்தான் ஏறினேன். பச்சை.”

“கூட இருந்த பசங்க?”

“எவன் வாயத் தெறக்கறான்? இப்ப போய்ப் பாத்தா சிவப்பு ஷீட்டுதான் இருக்காம். ஷீட்டுக்காரரு சொல்லட்டும்ங்கறானுங்க. உங்ககிட்டதான் எல்லாம் இருக்குமே. காட்டுங்க மாமா அவனுங்களுக்கு.”

“எடுங்க போன” என்றாள் மனைவி. “என் தம்பி பொய் சொல்றவன் இல்லைன்னு தெரியட்டும்.”

அவன் போனை எடுத்தான். குப்பையில்தானே கிடக்கிறது, எடுத்துவிடலாம், வேலை போனால் போகட்டும் என்று அந்த நிமிஷம் நிஜமாகவே நினைத்தான். கிளவுடைத் திறந்தான்.

‘இந்தக் கணக்கு நிர்வாகியால் நிறுத்தப்பட்டுள்ளது.’

மறுபடி திறந்தான். அதே வரி. குரூப்பில் கிடந்த லிங்க்கைத் தொட்டான். அனுமதி இல்லை என்றது. வேண்டுமானால் அனுமதி கேட்கலாம் என்று கீழே ஒரு பொத்தான். கேட்டால் அந்தக் கேள்வி யார் மேசைக்குப் போகும் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் அழுத்தினான். ‘அனுப்பப்பட்டது’ என்று வந்தது. அதற்குமேல் எதுவும் வரவில்லை. காரியம் முடிந்ததும் மேனேஜர் அவனையும் அழித்துவிட்டார்.

“என்னங்க வருது?” என்றாள் மனைவி.

“நெட் கெடைக்கல.”

“சன்னல் பக்கம் போய்ப் பாருங்க.”

சன்னல் வரை போனான், திரும்பி வந்தான். கால் மறுபடி மரத்தது. நிற்க முடியாமல் கட்டிலின் கால்மாட்டில், போர்வை தட்டையாக இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டான். எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது பிறகுதான் உறைத்தது. எழ முடியவில்லை.

“பரவால்ல, உக்காருங்க மாமா” என்றான் மச்சான். “அங்க எடம் இருக்கு. நெட்டு வந்ததும் காட்டுங்க. நான் எங்க ஓடிடப் போறேன்?”

ஷீட்டுக்காரன் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான். கட்டத்தைப் பச்சையாக விட்டவனும் நான்தான், அழித்தவனும் நான்தான் என்று மச்சானிடம் சொல்லவேண்டிய கடன் ஒன்று இருந்தது. அன்று அவன் அதைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.