கேட்டரிங் தம்பி

தம்பிக்கு 'அரைவேக்காடு' என்று பெயர் வைத்ததே அக்காதான். பள்ளிக்கூட நாட்களில் ஏதோ சண்டையில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அது வீட்டில் ஒட்டிக்கொண்டுவிட்டது. வளர்ந்த பிறகு அவனும் அந்தப் பெயரைக் காப்பாற்றுவதென்று கங்கணம் கட்டிக்கொண்டவன் போலத்தான் நடந்தான். செல்போன் பழுதுபார்க்கப் படிக்கப் போனான், பாதியில் விட்டான். மீன் தொட்டி வியாபாரம் ஆரம்பித்தான், வாடிக்கையாளர்கள் வருவதற்குள் மீன்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. கடைசியில் நண்பனோடு சேர்ந்து பனியனில் படம் அச்சடிக்கும் கடை போட்டான். நண்பனும் போய், கடையும் போய், ஒரு பெட்டியோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"கொஞ்ச நாள்தான்க்கா."

"நான் என்ன கணக்கா கேட்டேன்? உள்ள வாடா."

அந்த நேரத்தில் அவளுக்குத் தம்பி மேல் இரக்கம்தான் இருந்தது. அதை யாரும் இல்லையென்று சொல்லிவிட முடியாது.

அவள் ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்த்தாள். ரிசப்ஷனில் போன் எடுக்கிறவளாகச் சேர்ந்தவள். இப்போது பல்லைப் பிடுங்குவது மட்டும்தான் டாக்டர் கையில், மற்றதெல்லாம் இவள் கையில். டாக்டர் இரண்டாவது கிளினிக் திறக்கப் போகிறார், அதை முழுக்க யாரிடம் ஒப்படைப்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவளுக்கும் உள்ளுக்குள் ஆசை இருந்தது.

டாக்டரின் மனைவியை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் சொல்வார்கள், அவர் டாக்டர் இல்லை என்றாலும். நல்ல மனுஷி. ஆனால் அவருடைய அண்ணன் பெரிய இதய நிபுணர் என்பதை நாளுக்கு நாலு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஒருநாள் பேச்சுவாக்கில், "உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்லையா?" என்று கேட்டார்.

"ஒரு தம்பி. வெளியூர்ல இருக்கான். பெரிய கம்பெனியில மேனேஜர்."

அவன் அப்போது செத்த மீன்களை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தான். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய்தானே என்று அவள் நினைத்தாள். மறந்தும் போனாள்.

வீட்டில் ஒரு ஏர் ஃப்ரையர் இருந்தது, எண்ணெய்க்குப் பதிலாகச் சூடான காற்றிலேயே பொரிக்கிற பெட்டி. அவள் கணவருக்கு ஆபீஸில் ஆண்டு விழாப் பரிசாக வந்தது. வந்த நாளிலிருந்து குளிர்பெட்டியின் தலைமேல், துண்டு போர்த்தி, கிளிக்கூண்டு மாதிரி உட்கார்ந்திருந்தது. சும்மா இருக்க முடியாமல் தம்பி அதை இறக்கினான். அப்பளம் சுட்டான், பறந்து போய் மேலே கம்பியில் ஒட்டிக்கொண்டது. உருளைக்கிழங்கு போட்டான், பரவாயில்லை. அப்புறம் கடையில் சீஸ் அடைத்த பாஸ்தா பாக்கெட்டைப் பார்த்தான். எலிக்குத் தைத்த தலையணை மாதிரி சின்னச் சின்னச் சதுரங்கள். தண்ணீரில் வேகவைத்துத் தின்கிற அதையே ரொட்டித்தூள் புரட்டி மொறுமொறுப்பாக்கினால் எப்படி இருக்கும் என்று அவனுக்கு ஒரு பித்துப் பிடித்தது.

முதல் நாள் வீடெல்லாம் தீய்ந்த நாற்றம். ஒட்டாத தூளெல்லாம் உள்ளே அடிக்கிற காற்றில் கிளம்பி, மேலே போய்க் கருகியிருந்தது.

"மணல் புயல் அடிச்ச மாதிரி இருக்குடா மாப்ளே," என்றார் அக்காவின் கணவர். ஆனாலும் நாலு எடுத்துத் தின்றார்.

அவன் விடவில்லை. பாஸ்தாவை லேசாக வேகவைத்து, துணியில் ஒற்றி, ஈரம் போக ஆறவிட்டான். அடித்த முட்டையில் முக்கினான். ரொட்டித்தூளோடு துருவின சீஸும் பூண்டுப்பொடியும் கலந்து, ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து, குழந்தையின் கன்னத்தைத் தட்டுகிற மாதிரி தட்டித் தட்டி ஒட்ட வைத்தான். எண்ணெயைப் பூப்போலத் தெளித்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் அடுக்கினான். நடுவில் ஒருதடவை திருப்பிவிட்டான். சீஸ் வெடித்து வெளியே வருவதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்துவிட வேண்டும். அந்த நொடி எப்போது வரும் என்று கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நிற்பான். ஒருநாள் எல்லாம் சரியாக வந்தது. பொன் நிறம். கடித்தால் சத்தம், உள்ளே மெத்து. தக்காளி சாஸில் தொட்டு மூவரும் நின்றுகொண்டே தட்டைக் காலி செய்தார்கள்.

"டேய், நிஜமாவே நல்லா இருக்குடா," என்றாள் அக்கா. அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவள் டாக்டரையும் டாக்டரம்மாவையும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். கிளினிக்கில் வேலை செய்கிற இரண்டு பேரும் வருவதாக இருந்தது. சாப்பாட்டை வெளியில் ஒரு கேட்டரிங்கில் சொல்லிவிட்டாள்.

"முதல்ல கொறிக்க என் அயிட்டத்தை வைப்போம்க்கா. நான் பாத்துக்கறேன்."

அப்போதுதான் அந்தப் பழைய மேனேஜர் பொய் அவளுக்கு நினைவு வந்தது. 'அன்னைக்கு நீ கொஞ்சம் வெளியில போயிட்டு வரியா' என்று கேட்க வாய் வரை வந்தது. எப்படிக் கேட்பது? சமையலறைக்குள்ளேயே இருப்பான், யார் பார்க்கப் போகிறார்கள் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

ஞாயிறு மதியம் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். நாற்காலி போதவில்லை என்று அவள் கணவர் பக்கத்து வீட்டுக்குக் கேட்கப் போனார். டாக்டரம்மா சோபாவில் சாய்ந்து அண்ணன் பெருமையை ஆரம்பித்திருந்தார். அந்த நேரம் பார்த்துத் தம்பி தட்டோடு வந்துவிட்டான். ஏப்ரன் கட்டியிருந்தான். நெற்றியில் வேர்வை, மீசையில் ரொட்டித்தூள்.

"சூடு போயிட்டா ருசி போயிடும், அதான் நானே எடுத்துட்டு வந்துட்டேன்," என்று சிரித்தான்.

டாக்டர் ஒன்றை எடுத்துக் கடித்தார். அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"அடடா! ஊர்ல எல்லாரும் இப்படி மொறுமொறுன்னு சாப்பிட ஆரம்பிச்சா நம்ம ரெண்டாவது கிளினிக் தானா நிரம்பிடும்!"

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மா இரண்டாவதை எடுத்துக்கொண்டே தம்பியை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேட்டரிங்ல ஆளும் சேத்து அனுப்பியிருக்காங்களா? நல்ல ஏற்பாடா இருக்கே."

ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். 'இல்லீங்க, இவன் என் தம்பி' என்று நாலு வார்த்தை. ஆனால் வெளியூர் மேனேஜர் எங்கே, ஏப்ரன் கட்டிய இவன் எங்கே? கிளினிக்கில் வேலை செய்கிற இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்ப்பது போல் இருந்தது.

"ஆமாங்க," என்றாள்.

தம்பி அவளை ஒரே ஒரு தடவை பார்த்தான். பிறகு தட்டை மேசையில் பதவிசாக வைத்தான்.

"இன்னொரு ஈடு போட்டு எடுத்துட்டு வரவா, மேடம்?"

மேடம். தலையை மட்டும் ஆட்டினாள்.

"உங்க கடை எங்க இருக்கு தம்பி?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"கடை இன்னும் போடலைங்க. ஆர்டர் மட்டும் எடுத்துப் பண்றேன்."

இரண்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கணவர் உள்ளே நுழைந்தார். "மாப்ளே, ஒரு கை..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் தம்பி எட்டிப் போய் நாற்காலியை வாங்கிக்கொண்டான்.

"குடுங்க சார், நான் போடறேன்."

'சார்' என்றதும் அவர் திகைத்து நின்றார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டாள். அவர் ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். தம்பிதான் மூன்று ஈடு போட்டான், பரிமாறினான், காலித் தட்டுகளை எடுத்தான். ஒரு குறை வைக்கவில்லை.

எல்லோரும் கிளம்பிப் போன பிறகு அவள் சமையலறைக்குப் போனாள். அவன் ஏர் ஃப்ரையரின் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"டேய்..."

"நல்லா நடந்துச்சுல்லக்கா? நான் மேடம்னதும் உன் முகம் மாறிடுச்சு. கண்டுபிடிச்சிடுவாங்களோன்னு பயந்துட்டேன்."

"நீ ஏன்டா அப்படிப் பேசின? நான் ஏதோ தெரியாம..."

"நீ ஆமான்னுட்ட. அப்புறம் நான் இல்லைன்னா நல்லாவா இருக்கும்?"

கோபத்தில் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தி, அழுது, முடித்திருப்பாள். அவன் கூடையைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான். அவள் ஈரத் தட்டுகளை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அவன்கிட்ட மன்னிப்புக் கேளு," என்றார் கணவர்.

"கேக்கறேன்," என்றாள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள்.

அதற்குள் டாக்டரம்மா போன் செய்தார். அவர் வீட்டில் ஒரு விசேஷம், அந்தக் கேட்டரிங் தம்பியின் நம்பர் வேண்டும். அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நம்பரைக் கொடுத்தாள். வீட்டுக்கு ஓடி வந்து, "பாத்தியா, உனக்கு ஆர்டர் வந்திருக்கு! எல்லாம் நல்லதுக்குத்தான்," என்று தம்பியிடம் சொன்னாள். வந்த நல்லதைப் போர்த்தி, செய்த கெட்டதை மூடப் பார்த்தாள். அவனும் "தேங்க்ஸ்க்கா" என்றான்.

டாக்டரம்மா வீட்டு விசேஷத்தில் தின்றவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் கூப்பிட்டார்கள். பாஸ்தாவோடு காளான், பன்னீர் என்று அவனும் கூட்டிக்கொண்டே போனான். சமையலறையோடு ஒரு சின்ன இடம் வாடகைக்குக் கிடைத்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். எதையும் பாதியில் விடுகிறவன் இதை விடவில்லை. அவள் சந்தோஷப்பட்டாள், ஆனால் அந்தச் சந்தோஷத்தை உரக்கச் சொல்ல அவளுக்கு உரிமை இல்லாதது போல் இருந்தது. போகும்போது ஏர் ஃப்ரையரைப் புதுசு போலத் துடைத்து, அவளிடமே விட்டுப் போனான். எடுத்துக்கோடா என்றதற்கு, "வேணாம்க்கா, நான் பெருசா வாங்கிக்கறேன்," என்றான்.

இரண்டாவது கிளினிக் அவள் பொறுப்பில்தான் வந்தது. திறப்பு நாளில் சிற்றுண்டிக்கு டாக்டரம்மா தம்பியைத்தான் ஏற்பாடு செய்திருந்தார். அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று அவள் முடிவெடுத்தாள். எல்லார் முன்னாலும், அவன் முன்னாலும்.

புது நாற்காலிகளின் பிளாஸ்டிக் வாசனை இன்னும் போகாத வரவேற்பறையில் கூட்டம் நிறைந்திருந்தது. தம்பி வெள்ளைச் சட்டையில், தட்டை ஏந்திக்கொண்டு, "எடுத்துக்கங்க மேடம்," என்று அவள் முன்னால் வந்து நின்றான். டாக்டரம்மா பக்கத்தில்தான் இருந்தார். அவள் சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, இவன் என் தம்பி."

டாக்டரம்மா முகமெல்லாம் சிரிப்பாக, "பாத்தீங்களா, எவ்வளவு பழகிட்டீங்க! எனக்கும் இவர் தம்பி மாதிரிதான். வாயில வேற பேர் வரவே மாட்டேங்குது," என்றார்.

"இல்லீங்க, நான் சொல்றது..."

"எனக்கும் எல்லா மேடமும் அக்கா மாதிரிதாங்க," என்றான் தம்பி. மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் தட்டை நீட்டினான்.

அவள் அங்கேயே நின்றாள். 'கூடப்பிறந்தவன், என்னோட ஒரே வயித்துல பிறந்தவன்' என்று கத்தியிருக்கலாம். அவன்தான் அதை வேண்டாம் என்றுவிட்டானே. யாரோ வந்து கைகுலுக்கினார்கள், போட்டோ எடுத்தார்கள். அவளும் பல்லைக் காட்டினாள்.

பிறகு ஒரு சாதாரண நாளில், டாக்டரம்மா கணக்குப் பார்க்க வந்தபோது, கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மேனேஜர் பொய், ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லாம். டாக்டரம்மா கணக்கு நோட்டை மூடி வைத்தார்.

"அன்னைக்கு நான் அவர்கிட்ட காலித் தட்டையெல்லாம் நீட்டினேனே," என்றார் கடைசியில். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீங்க?"

வேறு எதுவும் கேட்கவில்லை. அன்றே அவள் தம்பிக்குப் போன் செய்து, டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டதைச் சொன்னாள். "மன்னிச்சுடுடா," என்றாள்.

"அய்யோ, அதெல்லாம் எதுக்குக்கா இப்ப? நான் எப்பவோ மறந்துட்டேன். சாமான் வந்திருக்கு, இறக்கணும். அப்புறம் பேசறேன்."

அப்புறம் பேசவும் செய்தான். அவன் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. வாரம் ஒருமுறை போன் செய்வான், மாமா உடம்பை விசாரிப்பான். எப்போதாவது வீட்டுக்கு வந்தால் பழம் வாங்கி வருவான், செருப்பை ஓரமாக விடுவான், சோபாவின் விளிம்பில் உட்காருவான். சமையலறைப் பக்கம் போவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கேட்டு வாங்கிக் குடிப்பான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வருவதாகச் சொன்னதும் அவள் சீஸ் பாஸ்தா வாங்கி வந்தாள். அவன் செய்ததை எத்தனை நாள் பார்த்திருக்கிறாள்! வேகவைத்தாள், முட்டையில் முக்கினாள், தூளில் புரட்டினாள், ஏர் ஃப்ரையரில் அடுக்கினாள். தட்டோடு கொண்டு வந்து அவன் முன்னால் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

அவன் ஒன்று எடுத்துத் தின்றான். இன்னொன்றும் எடுத்தான்.

"நல்லா இருக்குக்கா."

"பொய் சொல்லாதடா. தூளே ஒட்டல."

"இல்லக்கா, நிஜமா நல்லா இருக்கு."

முன்பெல்லாம் அவள் வைத்த டீயைக்கூட ஒரு மடக்குக் குடித்துவிட்டு, 'இதுல என்ன, துணி அலசினியா?' என்பான். அவள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு துரத்துவாள். இப்போதும் ஒரு வார்த்தை கிண்டலாக வராதா என்று அவள் அவன் வாயையே பார்த்தாள். அவன் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு, மணி பார்த்து, எழுந்தான்.

"ஒரு ஆர்டர் இருக்கு. வரட்டுமாக்கா?"

அவன் போன பிறகு அவள் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். சீஸ் முழுக்க வழிந்து போய், உள்ளே வெறும் காற்றுதான் இருந்தது. ஓரம் கருகிக் கசந்தது. இதைத்தான் அவன் இரண்டு தின்றுவிட்டு, யாரோ ஒருத்தி வீட்டில் சொல்வது போல, நல்லா இருக்கு என்றான்.