இரண்டு சுற்றுக் கலியாணம்

இரத்தினவேலுக்குப் பிடித்திருந்த பைத்தியத்துக்கு மருந்து கிடையாது. கனடாவில் அகதி மனுப் போட்டுவிட்டு வேலையில்லாமல் இருந்த முதல் குளிர்காலத்தில், வீட்டு ஹீற்றர் சரியில்லையென்று பார்க்டேல் நூலகத்தில் போய்க் குந்தியிருந்தார். இங்கிலீஷ் பழகலாமென்று கையில் எடுத்தது பேஸ்போலின் பழைய சரித்திரம். அன்றோடு மனுசன் பழுதாகிவிட்டார். தொண்ணூற்றிரண்டில் டொரன்டோ அணி வென்று ஊரே தெருவில் கூத்தாடியபோதும், இவர் மட்டும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டில் நடந்தது தெரியுமோ என்று கண்டவன் நின்றவனையெல்லாம் மறித்துக் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

அந்தக் கதையைச் செத்தவீட்டிலும் சொல்வார், பல் வைத்தியரின் கதிரையில் வாயைத் திறந்தபடியும் சொல்வார். நியூயோர்க்குக்கும் சிக்காகோவுக்கும் ஆட்டம். கடைசி அடி விழுந்து, மூன்றாம் தளத்தில் நின்றவன், வீடு என்று சொல்லும் கடைசித் தளத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான். நியூயோர்க் வென்றாயிற்று என்று சனம் மைதானத்துக்குள் பாய்ந்தது. முதலாம் தளத்தில் நின்ற பத்தொன்பது வயது மேர்க்கில், அந்தச் சனத்தைக் கண்டதும், இரண்டாம் தளத்தைத் தொடாமலே உடுப்பு மாற்றும் பக்கம் ஓடிவிட்டான். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் ஓடுவார்கள். ஆனால் சிக்காகோக்காரன் ஒருவன் பந்தோடு அந்தத் தளத்தில் ஏறி நின்று, இவன் இதைத் தொடாமல் மற்றவனுடைய ஓட்டம் செல்லாது என்று முறையிட, வெற்றி ரத்து. பிறகு திரும்ப ஆடவைத்தார்கள், நியூயோர்க் தோற்றது. தொட்டிருக்கலாம் பொடியன் என்று சொல்லும்போது இரத்தினவேலுக்கு நிசமாகவே கண் கலங்கும்.

அவருடைய ஒரே மகள் பிரதீபாவுக்குத் தொண்ணூற்று மூன்று ஆனியில், வெக்ஸ்போர்ட்டில் ஒரு மண்டபத்தில் கலியாணம். மாப்பிள்ளை பிக்கரிங்கில் இருக்கிற ஜனார்த்தன், குறை சொல்ல ஒன்றுமில்லாத பிள்ளை. சட்டப்படியான கலியாண எழுத்து அடுத்த திங்கட்கிழமைக்கு வைத்திருந்தார்கள். எல்லாம் முறைப்படி நடக்கவேண்டும், பிறகு ஒருவரும் மகளைப் பார்த்து ஒரு சொட்டைச் சொல் சொல்லக்கூடாது என்பதில் இரத்தினவேல் உயிரையே வைத்திருந்தார்.

தாலி ஏறியது. மணமக்கள் சின்னவிரல் கோத்து அக்கினியை மூன்று தரம் சுற்றவேண்டும். ஒன்று முடிந்து, இரண்டும் முடிந்த நேரம் பார்த்து, புகை பொறுக்காமல் மண்டபத்து அலாரம் கத்தத் தொடங்கியது. மேலாளர் நெருப்பணைக்கும் குழாயோடு ஓடிவந்து ஓமகுண்டத்துக்கு நுரை அடித்ததில் ஐயரும் பாதி வெள்ளையானார். பாதிச் சனம் வாசலுக்கு ஓடியது, மீதிச் சனம் இதுதான் சாட்டென்று சாப்பாட்டு வரிசைக்கு ஓடியது. பிரதீபா விரலை விடுவித்துக்கொண்டு கதிரையில் போய் இருந்தாள். ஐயருக்கு அடுத்த முகூர்த்தம் வேறிடத்தில், அவர் காருக்கு ஓடினார்.

இரத்தினவேல் அந்த அமளிக்குள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். மூன்றாம் சுற்று எங்கே?

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையில் ஏறி, இந்தக் கலியாணம் செல்லாது என்று பெண்ணைப் பெற்றவரே முறையிட்டால் மாப்பிள்ளை வீட்டார் சும்மா இருப்பார்களா? மாப்பிள்ளையின் தாய்மாமன் ஸ்ரீஸ்கந்தராசா ஊரில் சமாதான நீதவானாக இருந்தவர். தாலி ஏறின பிறகு சுற்று என்ன சுற்று என்று அவர் பாய்ந்தார்.

"வீடு வந்து சேர்ந்த ஓட்டமே எடுபடேல்லை, அண்ணை" என்றார் இரத்தினவேல்.

எந்த வீடு, யார் ஓடினது என்று அவருக்கு விளங்கப்படுத்தவே கால் மணித்தியாலம் போயிற்று. விளங்கியதும் நீதவான் வாதத்தை மாற்றி, அலாரம் அடிக்கையில் மூன்றாவதில் அரைவாசி முடிந்துவிட்டது, அரையை ஒன்றாகக் கணக்கிடுவதுதான் நியாயம் என்று வாதாடினார். வீடியோக்காரரைப் பிடித்து நாடாவைப் பின்னுக்கு ஓட்டினார்கள். கமராவில் ஒரு கண்ணை மட்டும் வைக்கக்கூடிய ஓட்டைக்குள் ஏழு பேர் முறைவைத்துப் பார்த்து ஏழு தீர்ப்புச் சொன்னார்கள். கடைசியில், மறித்து நின்ற கார்களால் வெளியே போகமுடியாமல் சீற் பெல்ற்றோடு இருந்த ஐயரைக் காரிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தார்கள். அவரும் ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, இரண்டுதான், மற்றதையும் சுற்றிவிடுங்கோ என்றார். இரத்தினவேலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மண்டபத்துக்குள் இனி ஒரு தீக்குச்சியும் கூடாது என்று மேலாளர் குறுக்கே நின்றார். ஆகவே கார் நிறுத்துமிடத்தில், வடை வந்த அலுமினியத் தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். காற்றுக்கு மறைப்பாக இரண்டு வான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். சனம் கையில் வடையோடு வட்டமாக நின்றது. ஜனார்த்தன் சின்னவிரலை நீட்டினான். பிரதீபா அசையவில்லை.

ஒரே ஒரு சுற்று, நட பிள்ளை, என்று இரத்தினவேல் காதுக்குள் கெஞ்சினார்.

"நான் எண்ணினனான், அப்பா."

என் பிள்ளையல்லவா, அந்த அமளிக்குள்ளும் எண்ணியிருக்கிறாளே என்று மனுசனுக்கு ஒரு கணம் பெருமை பிடிபடவில்லை.

"எண்ணித்தான் இரண்டில விலத்தினனான். இந்தக் கலியாணம் வேண்டாமெண்டு மூண்டு தரம் சொல்ல வந்தனான். ஒவ்வொரு தரமும் நீங்கள் மேர்க்கிலிட்டப் போயிட்டீங்கள்."

குசினியில் ஒருநாள், ஒரு விசயம் கதைக்கவேணும் அப்பா என்று வந்தவளை நிறுத்தி வைத்து, சோற்றுக் கோப்பையைத் தளமாக்கி ஓடிக் காட்டியது இரத்தினவேலுக்கு ஞாபகம் வந்தது. மற்ற இரண்டு தரமும் ஞாபகமே இல்லை. அதுதான் அவரைக் கூடுதலாகச் சுட்டது. எண்பத்தைந்து வருடத்துக்கு முந்தி எவனோ தொடாத தளத்துக்கு அழுத மனுசனுக்கு, பெற்ற பிள்ளையின் முகம் இவ்வளவு காலமும் தெரியாமல் போயிற்றே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. தப்பி ஓடின பிள்ளையை, அவரே முறையிட்டு, அவரே நடுவரை இறக்கி, திரும்ப மைதானத்துக்கு இழுத்து வந்திருக்கிறார்.

நேரம் போகுது என்றார் ஐயர். பிரதீபா இனி வேறு வழியில்லை என்பதுபோல மெல்லக் கையைத் தூக்கினாள்.

இரத்தினவேல் நடுவில் போய் நின்றார். தட்டைத் தூக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டு, கடைசியில் செருப்புக் காலால் கற்பூரத்தை மிதித்து அணைத்தார். சனம் வடையை வாயருகே பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தது.

"இரண்டு சுற்றுத்தான், கலியாணம் நடக்கேல்லை" என்றார். "பிள்ளைக்கு விருப்பமில்லை. சொல்லத்தான் வந்தது, நான்தான் கேக்கேல்லை. எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுப் போங்கோ."