வெளியேறிய நேரம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒன்று பொய்யாக இருந்தாலும், சொல்பவன் ஏறுகிற வண்டியெல்லாம் நடுக்காட்டில் பஞ்சராகட்டும். அத்தனையும் சைக்கிள் கடைக்காரர் தன் வாயால் சொன்னது. அவர் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. அவர் பேசும்போது கேட்பவர்கள் சிரிப்பது வேறு விஷயம்.

காட்டுக்குள் இருபத்தேழு கிலோமீட்டர் வட்டப் பாதை. கேட்டில் தொடங்கி, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே கேட்டில் வந்து முடியும். பட்டை டயர் போட்ட மலை சைக்கிளைத் தவிர வேறு எந்த வண்டியும் அதில் போகாது. கடைக்காரரும் அவர் மனைவியும் பதினோரு வருடம் ஞாயிறு தவறாமல் அதைச் சுற்றினார்கள். ஆனால் சேர்ந்து அல்ல. சேர்ந்து போனால் யார் முன்னால் என்பதில் சண்டை வந்தது. அதனால் முதல் மாதமே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள்: கேட்டிலிருந்து அவர் இடப்பக்கம், அவள் வலப்பக்கம். பாதி வழியில், படுத்திருக்கும் எருமை மாதிரி ஒரு பாறை. அங்கே சந்தித்து, அவள் கொண்டுவரும் ஃபிளாஸ்க்கில் ஆளுக்கு ஒரு டீ குடித்துவிட்டு, அவரவர் வழியே மிச்சத்தை முடிக்க வேண்டும்.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஊரில் பாதிப் பேரை அவளுக்கு முகத்தைவிட விலா எலும்பால்தான் நன்றாகத் தெரியும். கேட்டில் உட்கார்ந்திருக்கும் வனக் காவலர் அவளை "எக்ஸ்ரே அக்கா" என்றே கூப்பிடுவார். கேட்டைத் தாண்டி வலப்பக்கம் திரும்பினால் ஏழு கிலோமீட்டர் செங்குத்தான ஏற்றம். அதில் ஏறும்போது, மெஷின் முன்னால் நிற்பவர்களிடம் சொல்வதையே அவள் தனக்கும் சொல்லிக்கொள்வாள்: "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிச்சுக்கோங்க." பாறையில் கணவரைப் பார்த்த பிறகுதான் மிச்சத்தைச் சொல்வாள்: "சரி, இப்ப விடலாம்."

அவளுக்கு ஏற்றமாக இருந்தது அவருக்கு இறக்கம். அந்த இறக்கத்தைப் பற்றிக் கடைக்காரர் அளக்காத நாளில்லை.

"இன்னைக்கு என் நிழல் பின்தங்கிடுச்சுப்பா. கீழ வந்து ரெண்டு நிமிஷம் நின்னேன். அது மூச்சு வாங்க வந்து சேர்ந்த பிறகுதான் கிளம்பினேன்."

"போன வாரம் கரடின்னு சொன்னீங்களே அண்ணே?" என்பார் காவலர்.

"கரடி ஓரமா ஒதுங்கி வழி விட்டுச்சு. பின்னாடி பிரேக் கத்துதுன்னு கையைக் காட்டுச்சு. பாத்தா, நிஜமாவே கட்டை தேஞ்சிருக்கு."

ஒரு முறை டியூப் ஓட்டையான இடத்தில் அட்டைப் பூச்சி ஒன்று வாயை வைத்து ஒட்டிக்கொள்ள, ஒன்பது கிலோமீட்டர் காற்று இறங்காமல் வந்தாராம்.

"டயர்ல ஒரு பொட்டு சேறு இல்லையே அண்ணே?"

"அந்த வேகத்துல சேறு எப்படிப்பா ஒட்டும்?"

காவலர் முகத்தை டீ டம்ளருக்குள் புதைத்துக்கொள்வார். எக்ஸ்ரே அக்கா பக்கத்தில் நின்று ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "இவரை ஒரு படம் எடுத்துப் பாக்கணும். உள்ள எலும்பு இருக்கோ, வெறும் காத்துதான் இருக்கோ" என்பாள். ஆனால் அவர் சொன்னதை ஒரு நாளும் மறுத்ததில்லை. கரடி எந்தப் பக்கமாக ஒதுங்கியது என்று மட்டும் கேட்பாள்.

போன வருடம், மழை விட்ட முதல் ஞாயிறு. ஒன்பதாவது கிலோமீட்டரில் கடைக்காரரின் செயின் அறுந்தது. ஊரார் செயினையெல்லாம் அளந்து பார்த்து மாற்றச் சொல்கிறவர், தன் செயினைப் பார்க்கவில்லை. பையில் மாற்றுக் கண்ணி ஒன்றுகூட இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடினார். பாறைக்குப் போய்ச் சேர்ந்தபோது நாற்பது நிமிடம் தாமதம்.

அவள் வண்டி, செயின் பக்கம் மேலே இருக்கும்படி பதவிசாகப் படுக்கவைக்கப்பட்டிருந்தது. கியரில் மண் படக்கூடாது என்று கல்யாணமான புதிதில் அவர் கற்றுக்கொடுத்தது. ஹெல்மெட் ஹேண்டில்பாரில் தொங்கியது. பாறைமேல் இரண்டு டம்ளர். ஒன்று காலி. மற்றது நிரம்பி, ஆறாமல் இருக்க ஃபிளாஸ்க் மூடியால் மூடப்பட்டிருந்தது. அவள் பாறையில் சாய்ந்து, அவர் வர வேண்டிய பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். டீயில் இன்னும் சூடு இருந்தது. அவள் கையில் இல்லை.

ஊர் நெஞ்சையெல்லாம் படம் பிடித்தவள், தன் நெஞ்சை ஒரு தடவை மெஷின் முன்னால் நிறுத்திப் பார்த்ததில்லை.

பாறைக்குப் பின்னால் இருக்கும் ஜீப் பாதை வழியாக அவளை நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கேட்டு வழியாக அவள் வரவில்லை. அதனால் கேட்டில் இருந்த ரிஜிஸ்டரில் அவள் வரியில் உள்ளே போன நேரம் ஆறு பத்து என்று இருந்தது. வெளியேறிய நேரம் என்ற கட்டம் காலியாகவே கிடந்தது.

அதன் பிறகும் ஞாயிறு தவறாமல் கடைக்காரர் வந்தார். இடப்பக்கம் போய்ப் பாறையில் காத்திருந்ததாகச் சொன்னார். கரடி, நிழல் எதுவும் அதற்குப் பிறகு அவர் பேச்சில் வரவில்லை.

ஒரு ஞாயிறு காலை காவலர் தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நாளைக்கு ரேஞ்சர் வர்றாரு. பழைய ரிஜிஸ்டரை மூடி ஆபீஸுக்கு அனுப்பணும். எல்லா வரியும் முடிஞ்சிருக்கு. அக்கா வரி மட்டும்..."

"மட்டும்?"

"வெளிய வந்த நேரம் இல்ல."

"வந்தாதானே போடறதுக்கு. அவ உள்ளதானே இருக்கா."

"அண்ணே..."

"சுத்தி முடிக்க வேண்டாமா? உங்க அக்கா பாதியில விட்டுட்டு வர்ற ஆளா?"

காவலர் பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "நானே எதையாவது எழுதிடலாம்னு நேத்து உக்காந்தேன். கை வரல. நீங்க எழுதினாதான் சரியா இருக்கும். இல்லாட்டி விடுங்க, திட்டு வாங்கிக்கறேன்."

கடைக்காரர் ரிஜிஸ்டரைக் காவலர் பக்கமே நகர்த்தினார். பிறகு, "ஒரு ரவுண்டு போயிட்டு வந்து சொல்றேன்" என்றார்.

அன்று அவர் எடுத்தது, போன வருடத்திலிருந்து கேட்டிலேயே சாய்ந்து நின்ற அவள் வண்டியை. திரும்பியது வலப்பக்கம். எதிரில் போய்ச் சந்திக்க இனி ஆள் இல்லை. அவள் விட்ட இடத்திலிருந்து யாராவது முடித்துத்தான் ஆகவேண்டும்.

பதினோரு வருடமாக வாய் ஓயாமல் அளந்த இறக்கம் ஓர் ஏற்றம் என்பது அன்றுதான் அவருக்கு உறைத்தது. ஏற்பாடு செய்துகொண்ட அன்று கேட்டில் நின்று, "இடப்பக்கம் எனக்கு" என்று முந்திக்கொண்டு சொன்னது அவர்தான். அவள் ஒரு வார்த்தை பேசாமல் வலப்பக்கம் திரும்பியிருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் நெஞ்சு அடைத்தது. அவள் கால் ஊன்றி நின்றிருக்கக்கூடிய இடத்திலெல்லாம் அவரும் நின்றார். நிழல் பின்தங்கவில்லை, கூடவே வந்தது.

பாறையில் யாரும் இல்லை. வண்டியைச் செயின் பக்கம் மேலே வரும்படி படுக்கவைத்தார். இரண்டு டம்ளரில் டீ ஊற்றினார். இரண்டையும் அவரே குடித்தார். "சரிம்மா, இப்ப விடலாம்" என்று சொல்லிப் பார்த்தார். காட்டில் ஒன்றும் அசையவில்லை.

பிறகு அவள் முடிக்காமல் விட்ட மிச்சப் பாதையை, அவள் வண்டியில், அவள் போகும் வேகத்தில் போய் முடித்து, மறுபக்கமாகக் கேட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"முடிச்சாச்சுப்பா" என்றார்.

டயரில் ஒரு பொட்டு சேறு இல்லை. காவலர் இந்த முறை அதைப் பற்றிக் கேட்கவில்லை. ரிஜிஸ்டரைத் திறந்து, அந்த வரிக்கு நேரே விரலை வைத்துப் பிடித்துக்கொண்டார். கடைக்காரர் மணியைப் பார்த்து, அவள் வெளியேறிய நேரத்தை எழுதினார். காவலர் மை காய ஊதிவிட்டு ரிஜிஸ்டரை மூடினார்.

அவருக்கும் தெரியும், எக்ஸ்ரே அக்காவுக்கும் தெரிந்திருந்தது: கடைக்காரருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.