வெடிக்காத தோட்டா இருக்கிறதா?

தோட்டா வாங்க வருகிறவர்கள் ட்வைலாவிடம் விதவிதமாகக் கேட்பார்கள். மலிவாக இருக்கிறதா, புகை அதிகம் வருமா, மொத்தமாக எடுத்தால் விலை குறையுமா. நாடீன் டேக்கெட் கேட்டதை மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை.

“வெடிக்காதது இருக்கா? ஆனா பாத்தா வெடிக்கிற மாதிரியே இருக்கணும்.”

மீன்தூண்டில் புழு டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்த ட்வைலா நிமிர்ந்தாள். கடையின் முன்பாதி தூண்டில், பின்பாதி துப்பாக்கி. அதற்கும் பின்னால் சுட்டுப் பழக ஒரு நீளக் கொட்டகை. இருபது வருடமாக இந்தக் கவுன்டரில் நிற்கிறாள்.

“டம்மித் தோட்டாவா, நாடீன் அக்கா?”

“அதான். பழகுறதுக்கு.”

“யாரு பழக?”

“நான்தான்.” பதில் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தது.

ட்வைலா அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் போட்டாள். உள்ளே ஐந்தாறு தோட்டாக்கள். பளீர் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக்.

“என்னம்மா இது, மிட்டாய் மாதிரி?”

“அப்படித்தான் இருக்கணும். நிஜத் தோட்டாவோட கலந்துரக் கூடாதுல்ல? எடுத்த எடுப்புல கண்ணுக்குத் தெரியணும்.”

“பித்தளை நிறத்துல கிடையாதா?”

“எதுக்கு?”

“ஆரஞ்சு கண்ணைக் கூசுது.”

காபி ஜாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெர்லின் கனைத்தார். தினமும் வருவார், எதுவும் வாங்க மாட்டார், காபி மட்டும் குடிப்பார். “கூசுச்சுன்னா கறுப்புக் கண்ணாடி அந்தப் பக்கம் தொங்குது, தாயே.”

நாடீன் சிரிக்கவில்லை. பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: “இதுமேல பெயின்ட் ஒட்டுமா?”

அடுக்க எடுத்த புழு டப்பாவை ட்வைலா கீழே வைத்தாள்.

சென்ற மாதம் நாடீனின் கணவர் ஆரின் டேக்கெட் இதே கவுன்டரில் நின்று கைத்துப்பாக்கி வாங்கினார். வாழ்நாள் முழுக்க மான் வேட்டைக்கு நீளத் துப்பாக்கி பிடித்தவர். கைத்துப்பாக்கி அதுதான் முதல். முதல் தடவை வாங்குகிறவர்கள் விலை குறைந்த பயிற்சித் தோட்டாவைப் பெட்டி பெட்டியாக எடுப்பார்கள். ட்வைலாவும் எடுத்து வைத்தாள். அவர் அதை ஒதுக்கிவிட்டு, முனை குழிந்த விலை உயர்ந்த ரகத்தில் ஒரு பெட்டி மட்டும் எடுத்துக்கொண்டார். உடம்பில் பாய்ந்ததும் விரிகிற ரகம்.

“பழகிப் பாக்க வேணாமா, மிஸ்டர் ஆரின்?”

“பழக வாங்கலம்மா. தேவைக்கு வாங்குறேன். வீட்டுக்குள்ள எவனோ வர்றான் போறான். சாமானை இடம் மாத்தி வைக்கிறான். யார்கிட்டயும் சொல்லாதே.”

அவள் சொல்லவில்லை. பள்ளிக்கூட பஸ்ஸில் அவளை ஒன்பது வருடம் ஏற்றி இறக்கியவர் ஆரின். அப்பா குடித்துவிட்டு வாசலில் கத்தும் நாட்களில், அவள் ஓடி வந்து ஏறும்வரை ஹாரன்கூட அடிக்காமல் காத்திருந்தவர். அவருக்கு ஒன்று என்றால் இவளுக்குப் பொறுக்காது.

இப்போது அந்த வீட்டுக்காரி வெடிக்காத தோட்டாவுக்கு வேஷம் போடப் பார்க்கிறாள்.

ட்வைலா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். நாடீனின் பிக்கப் வண்டியில் ஓட்டுநர் இருக்கையில் ஒருவன். செம்பட்டைத் தாடி. தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல் சரிந்து உட்கார்ந்திருந்தான். கண் மட்டும் கடை வாசலில்.

“வண்டியில யாருக்கா?”

“தெரிஞ்சவங்க.” நாடீன் பணத்தை வைத்தாள். பொட்டலத்தைக் கைப்பைக்குள் போட்டாள். “பாக்கி வேண்டாம்.”

கதவு மணி ஆடி நின்றது. வண்டி கிளம்பியது.

“தெரிஞ்சவங்களாம்” என்றார் வெர்லின். “என் பொண்டாட்டிக்கு அப்படி ஒரு தெரிஞ்சவன் இருந்தா நான் கதவுப் பூட்டை மாத்திருவேன்.”

“சும்மா இருங்க.”

“நான் சும்மாதான் இருக்கேன். முப்பது வயசுப் பய. அவளுக்கு அறுபத்தஞ்சு. ஆரினுக்கு நிலம் இருக்கு, ஓடைக்கரையில நாற்பது ஏக்கர். போன மாசம் அவன் இங்கே வாங்கின துப்பாக்கியில மிட்டாயை அடைச்சு வச்சுட்டு, ராத்திரி அந்தப் பய உள்ளே நுழைஞ்சா? கிழவன் விசையை அழுத்துவான், டிக்குனு ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான்.”

வெர்லின் கதை கட்டுவதில் மன்னன். ஆனால் இந்தத் தடவை அதே கதை ட்வைலாவின் தலைக்குள்ளும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஒருவனுடைய துப்பாக்கியில் அவனுக்குத் தெரியாமல் கை வைப்பது அந்த ஊரில் கொலைக்குச் சமம்.

அவள் போனை எடுத்தாள்.

“மிஸ்டர் ஆரின்? நான் ட்வைலா, கடையிலேர்ந்து. தப்பா நினைக்காதீங்க. உங்க துப்பாக்கியை ஒரு தடவை திறந்து பாருங்க. உள்ளே இருக்கிறது நிஜத் தோட்டாதானான்னு.”

மூச்சு வாங்கும் சத்தம். ஏதோ கழன்று மாட்டிக்கொள்ளும் சத்தம். “நிஜந்தான். ஏன்?”

“நாடீன் அக்கா இப்ப வந்து டம்மி வாங்கிட்டுப் போறாங்க. கூட ஒருத்தன். செம்பட்டைத் தாடி.”

“அவனேதான்!” கிழவரின் குரல் இளமையானது. “அவனேதான், பொண்ணே. ரெண்டு நாளா என் மகன் கட்டில்ல படுத்துத் தூங்குறான். நேத்து துப்பாக்கியை நீட்டினேன், ‘அப்பா’ங்குறான், திருட்டுப் பய! நீ சொன்னது நல்லதாப் போச்சு. இன்னிக்கு வாசல்லயே முடிச்சுர்றேன். கிப் ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள முடிச்சாகணும். பிள்ளை பாத்தாப் பயந்துரும்.”

லைன் அறுந்தது.

ட்வைலா போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

கிப். ஆரினின் மகன். பஸ்ஸில் அப்பாவின் இருக்கைக்குப் பின்னால் கால் தொங்க உட்கார்ந்து வரும் செம்பட்டைத் தலைப் பொடியன். அவள் பள்ளி முடித்த வருடம் அவன் இரண்டாம் வகுப்பு. பிறகு டல்சா நகரத்தில் வேலை, கல்யாணம் என்று காதில் விழுந்தது. இன்றைக்கு அவனுக்கு முப்பதைத் தாண்டியிருக்கும்.

வண்டியில் சரிந்து உட்கார்ந்திருந்தவன் கிப்.

வீட்டுக்குள் எவனும் நுழையவில்லை. சாமானை இடம் மாற்றி வைப்பது ஆரினேதான். வைத்ததை மறக்கிறார். மகனை மறந்துவிட்டார். நாடீன் வெடிக்காத தோட்டா தேடியது மகன் சாகாமல் இருக்க. வெர்லின் முன்னால் அதை எப்படிச் சொல்வாள்? சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

“என்ன தாயே, பேயறைஞ்ச மாதிரி?”

“ஷெரிப் ஆபீசுக்குப் போன் போடுங்க. ஆரின் வீட்டுக்கு ஆள் அனுப்பச் சொல்லுங்க. சைரன் போட வேணாம்னு சொல்லுங்க. உடனே!”

அவர் எண்களை அழுத்தினார். அவள் நாடீனின் கைபேசிக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மலைப் பள்ளத்தில் இறங்கிவிட்டால் சிக்னல் கிடையாது.

“நெடுஞ்சாலையில லாரி கவுந்துருச்சாம்” என்றார் வெர்லின், முகம் வெளுத்துப்போய். “எல்லாரும் அங்கே. வர நேரமாகுமாம்.”

ட்வைலா சாவியை எடுத்தாள். கதவுவரை போய்த் திரும்பி வந்தாள். அந்த மனுஷன் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்க முடியாது. அவரே கொடுத்தால்தான் உண்டு. அலமாரியிலிருந்து பயிற்சித் தோட்டா இரண்டு பெட்டியை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

*

ஓடைக்குக் குறுக்கே தண்ணீர் வழிந்தோடும் தாழ்ந்த பாலம் குறுக்குவழி. சக்கரம் முங்க முங்கக் கடந்தாள். டேக்கெட் வீட்டு வளைவில் திரும்பியபோது பிக்கப் அங்கே இல்லை. அவர்கள் இன்னும் வரவில்லை. எங்கே நின்றிருப்பார்கள்? பெயின்ட் வாங்கத்தான், வேறெதற்கு!

ஆரின் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டு, சர்ச்சுக்குப் போகிறவர்போல. மடியில் துப்பாக்கி.

“யாரது? அங்கேயே நில்லு!”

“ட்வைலா, மிஸ்டர் ஆரின். கடையிலேர்ந்து.”

“உன்னை யார் அனுப்பினா? அவளா?”

“என்னை யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன்.”

“போன்ல பேசினே, அடுத்த நிமிஷம் வந்து நிக்கிறே. ஏன்?” கண்ணை இடுக்கினார். “நீயும் அவங்களோட சேந்தவளா?”

ஓடிவிடலாமா என்று இருந்தது. ட்வைலா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“உங்க மேல சந்தேகத்துல வந்தேன். வாங்கின நாளிலேர்ந்து ஒரு தோட்டா சுட்டிருக்கீங்களா நீங்க?”

“அம்பது வருஷமா மான் அடிக்கிறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?”

“மானுக்கு நீளக் குழாய். இது சின்னது. முதல் தடவை பிடிக்கிறவங்க பக்கத்துல நிக்கிற மாட்டைக்கூட அடிக்க மாட்டாங்க. அவன் வந்து நிப்பான், நீங்க சுடுவீங்க, குண்டு கோழிக்கூண்டுக்குப் போகும். கோழிதான் சாகும்.”

கிழவரின் மீசை துடித்தது. “வாயாடி.”

“அந்த வேலிக் கம்பத்துல ஒரு டப்பா வச்சா அடிப்பீங்களா? பந்தயம்?”

“குண்டு வீணாகும்.”

“பழகுறதுக்கு ரெண்டு பெட்டி கொண்டு வந்திருக்கேன், என் செலவு. முதல்ல உள்ளே இருக்கிறதை அடிச்சுக் காலி பண்ணுங்க. எங்கே போகுதுன்னு பாப்போம்.”

அவர் யோசித்தார். பாதையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ட்வைலா ஒரு காலி டப்பாவைக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டு வந்தாள்.

முதல் குண்டு டப்பாவுக்கு இடப்பக்கம், கீழே மண்ணைக் கிளப்பியது. இரண்டாவதும் அங்கேயே. மூன்றாவதும். கைத்துப்பாக்கியை முதல் தடவை சுடுகிற வலக்கைக்காரர் எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும். சத்தத்துக்குப் பயந்து விரல் விசையை வெடுக்கென்று இழுக்கும், குழாய் தாழும்.

அப்போது வளைவில் எஞ்சின் சத்தம். பிக்கப்.

ஆரின் திரும்பினார். துப்பாக்கியும் அவரோடு திரும்பியது. கண்ணாடிக்குப் பின்னால் செம்பட்டைத் தாடி. நாடீனின் வாய் திறந்தது, சத்தம் கேட்கவில்லை. வண்டி கிரீச்சிட்டு நின்றது.

“வந்துட்டான்” என்றார் ஆரின் அமைதியாக.

ட்வைலாவின் கால்கள் தாமாகவே நகர்ந்தன. குழாய்க்கும் வண்டிக்கும் நடுவில் போய் நின்றாள். குரல் எப்படியோ கவுன்டர் குரலாகவே வந்தது.

“டப்பா இன்னும் நிக்குது, மிஸ்டர் ஆரின்.”

“தள்ளு, பொண்ணே.”

“டப்பாவை அடிக்கத் தெரியாதவர் ஆளை அடிக்கப் போறாராம்! அவன் பாத்துட்டுச் சிரிக்கப் போறான். முதல்ல அதை முடிங்க. அவன் எங்கேயும் போயிற மாட்டான்.”

ஓர் அணில் கத்தியது. ஆரினின் தாடை அசைந்தது. மானமா, திருடனா? கடைசியில் மானம் ஜெயித்தது. உறுமிக்கொண்டே வேலிப் பக்கம் திரும்பினார். டப், டப், டப். மண், மண், கம்பத்தில் ஒரு சில்லு. துப்பாக்கியின் மேல்பாகம் பின்னுக்குப் போய் அப்படியே நின்றது. காலி.

டப்பா அசையவில்லை.

ஆரின் துப்பாக்கியை வெறித்தார். “இது சரியில்ல. குறி கோணலா இருக்கு. நான் நேராத்தான் பிடிச்சேன்.”

முதல் தடவை சுட்டவர்கள் கடைக் கொட்டகையில் சொல்லும் அதே வசனம். துப்பாக்கி கோணல். ட்வைலா இருபது வருடமாக ஒரே பதிலைத்தான் சொல்லிவருகிறாள்: குறி சரியாத்தான் இருக்கு, உங்க விரல்தான் கோணல். கேட்டவர்கள் முறைப்பார்கள், அவள் விட்டுக்கொடுத்ததே கிடையாது.

“ஆமா” என்றாள். “துப்பாக்கிதான் தப்பு. நீங்க நேராத்தான் பிடிச்சீங்க, நான் பாத்தேன்.”

“பாத்தியா!”

“கெட்ட சரக்கை வித்திருக்கேன், என் மானம் போச்சு. குடுங்க, கடைக்குக் கொண்டுபோய்ச் சரி பண்ணிக் கொண்டாறேன். மிச்சத் தோட்டாவையும் குடுங்க. அதுவும் கோளாறா இருக்கும்.”

அவள் கையை நீட்டியபடியே நின்றாள். கடைசியில் ஆரின் குழாயைத் தரைக்குத் தாழ்த்தி, பிடியை அவள் பக்கம் திருப்பிக் கொடுத்தார். சட்டைப் பையிலிருந்தும் கால்சட்டைப் பையிலிருந்தும் தோட்டாக்களை எடுத்து அவள் உள்ளங்கையில் கொட்டினார்.

“நல்லதாக் குடு. ஏமாத்தினே, பேர் கெட்டுப்போகும்.”

“சரிங்க.”

அவள் எல்லாவற்றையும் தன் வண்டிக்குள் வைத்துப் பூட்டிய பிறகுதான் பிக்கப்பின் கதவு திறந்தது. நாடீன் இறங்கினாள். ட்வைலாவைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை.

“இவருக்குப் போன் பண்ணினியாக்கும்” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “என்னைக் கேட்டிருக்கலாமே, ட்வைலா. ஒரு வார்த்தை.”

“மான் துப்பாக்கி எங்கே?” என்று மட்டும் கேட்டாள் ட்வைலா.

“என் தங்கச்சி வீட்டுல. போன வருஷமே அனுப்பிட்டேன்.”

கிப் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாக வந்தான். அப்பாவின் முன்னால் நின்றான். கிழவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். நெற்றி சுருங்கியது, எதையோ தேடியது, கிடைக்கவில்லை.

“யாரப்பா நீ? கேஸ் கம்பெனியா?”

கிப் அம்மாவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஆமாங்க” என்றான். “கேஸ் டாங்க்ல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“பின்பக்கம் இருக்கு. நாய் கடிக்காது, போ.”

அவன் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனான். கொஞ்ச நேரம் கழித்து, இரும்பு டாங்க்கை யாரோ விரல் முட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.