நம்மாளு எழுதின கதை

தங்கச் சுரங்கம் மூடிப்போன மாரிக்குப்பத்தில் கிளம்பி பெங்களூரு போகிற காலை ரயிலில், ஒல்லி உடம்பால் 'ஸ்கெலட்டன்' என்று பேர் வாங்கிய கௌதமன் சத்தமாகக் கதை படிப்பான். ஏழெட்டுப் பேர் கேட்டுக்கொண்டே போவார்கள். ஐந்து வருஷமாக ஒரே மாயாஜாலக் கதைதான். பாதாளத்தில் பொன் வெட்டும் ஜனம், அவர்களின் தலைவி வெண்ணிலி, மேலே ஆளும் மந்திரக்காரர்கள் என்று ஆறு பாகம் முடிந்துவிட்டது. ஆயுசைத் தின்கிற அந்த வண்டியில் அவனுக்கிருந்த ஒரே சந்தோஷம் அது.

எழுதினவர் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பாதாளத்துக்குக் கூண்டு இறங்கும்போது காது அடைப்பதை அப்படியே எழுதியிருந்தாரா, பழைய சுரங்கத் தொழிலாளி தாமோதரன் அடித்துச் சொல்லிவிட்டார்: "கேஜ்ல எறங்கினவன்தாம்பா இத எழுத முடியும். நம்மாளுதான்!" பெட்டியே நம்பிவிட்டது.

போன வாரம் நம்மாளின் வீடியோ வந்தது. மாலையும் கழுத்துமாக மேடையில் நின்று பேசுகிறார்: "கீழே பிறந்தவனுக்குக் கீழேதான் நிம்மதி. இடஒதுக்கீடு கொடுத்து மேலே ஏற்றியதுதான் நாட்டைக் கெடுத்தது. என் கதையும் அதைத்தான் சொல்கிறது." பாவி! கௌதமன் படித்ததும் வேலையில் சேர்ந்ததும் அந்த ஒதுக்கீட்டில்தான். அவன் அப்பா முப்பது வருஷம் சுரங்கத்தில் இறங்கி, நுரையீரல் முழுக்கக் கல்தூசியோடு போய்ச் சேர்ந்தவர்.

திங்கட்கிழமை, கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிற ஷோபா அவனுக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். "ஏழாவது பாகம் வர்ற வரைக்கும் மொதல்லேருந்து படிண்ணா."

"அந்தாளு இன்னா பேசினான்னு பாத்தியா?"

"பாத்தேன். அவன் இன்னாவோ பேசிட்டுப் போறான், கதை இன்னா பண்ணுச்சு? நாள் பூரா வெண்ணிலிய நெனச்சுகினுதான் மெஷின் மிதிக்கறேன். அதையும் புடுங்காதண்ணா."

அவள் சொன்னதும் நியாயம்தான். முதல் பாகத்தைத் திறந்தான். 'இருட்டில் அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள்.' பக்கங்களைத் தள்ளிப் பார்த்தான். மேலே ஏறியவர்கள் எல்லாம் வெயில் தாங்காமல் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைச் சமாதானம் சொல்லி இறக்குகிறவள் வெண்ணிலியேதான். எல்லாம் முன்பே அச்சில் இருந்திருக்கிறது. ஐயோ, இதைக் குரல் ஏற்றி இறக்கி, ரசித்து ரசித்து இத்தனை வருஷம் இவர்களுக்கு ஊட்டியது அவன் வாய்தானே!

"என்னால முடியலம்மா. நீயே படிச்சுக்கோ," என்று புத்தகத்தை அவளிடம் நீட்டினான்.

ஷோபா வாங்கவில்லை. "நான் கன்னட மீடியம்ணா. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது."

பெங்களூரு வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.